ஒரு காது வளையத்துக்கு, ஒரு காது தொலைபேசிக்கு

மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெரு அப்படியொன்றும் நீளமில்லை. தெருமுனையில் 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயம். அதன் மணிக்கூண்டு 1760இல் எசெக்கியேல் ரஹபி என்ற யூத வணிகர் கட்டிக்கொடுத்தது. அங்கிருந்து நடந்தால் இரு பக்கமும் பழம்பொருள் கடைகள், காஷ்மீர் சால்வைகள், வாசனைத் தைலப் புட்டிகள், தட்டுத்தட்டாகக் குவித்துவைத்த பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ. சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு நூறு கிராம் மிளகுப் பொட்டலம் ஒன்றும் வாங்கிப் போகிறார்கள். இதே தெருவில்தான் ஒரு காலத்தில் டன் கணக்கில் மிளகு வெறும் குரலால் கைமாறியது.

அதை நடத்தியது இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம். ஊரில் ‘இப்ஸ்டா’ என்றால் போதும். 1957இல் இங்கே மிளகு முன்பேர வணிகம் தொடங்கியது. இன்னும் கொடியில் பச்சையாகத் தொங்கும் மிளகுக்கு, சில மாதம் கழித்து என்ன விலை என்று இன்றே பேசி முடிப்பதுதான் முன்பேரம். தோட்டக்காரருக்கு விலைச் சரிவிலிருந்து ஒரு காப்பு, ஏற்றுமதியாளருக்கு விலை ஏற்றத்திலிருந்து ஒரு காப்பு. 1960களில் அரசு பெரும்பாலான சரக்குகளின் முன்பேரத்தை நிறுத்திவைத்தபோதும் மிளகு தப்பியது. அதனால் நாட்டில் அந்தத் தொழில் தெரிந்த கைகள் மிச்சமிருந்த சில இடங்களில் மட்டாஞ்சேரியும் ஒன்றானது. 1997இல் சர்வதேச மிளகு முன்பேர ஒப்பந்தமும் இங்கேயே வந்தது.

இந்த வணிகம் நடந்த பழைய கூடத்தைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2020க்குப் பிறகு அரங்கில் இருப்பவருக்கும் திரைக்கு அப்பால் இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் பேசுவது நமக்கு அன்றாடமாகிவிட்டது. கல்லூரிக் கருத்தரங்கு, அலுவலகக் கூட்டம், நூல் வெளியீடு, நீதிமன்ற விசாரணை, வீட்டுக் கல்யாணம் என்று எதற்கும் ஒரு இணைப்பு அனுப்புகிறோம். அதன் தொல்லையும் எல்லோருக்கும் தெரியும். பேச்சாளர் அரங்கத்தைப் பார்த்துப் பேசினால் திரையில் இருப்பவர்கள் கூட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். மடிக்கணினியைப் பார்த்துப் பேசினால் நேரில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அவருடைய உச்சந்தலையைப் பார்க்கிறார்கள். அரங்கில் யாரோ சொன்னதற்கு எல்லோரும் சிரிக்க, கனடாவில் இருப்பவருக்கு என்ன நடந்ததென்றே தெரிவதில்லை. இது கொரோனா காலத்தில் முளைத்த பிரச்சினை என்று நினைக்கிறோம். மட்டாஞ்சேரி மிளகுத் தரகர்கள் இதை ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஒவ்வொரு வேலைநாளும் கையாண்டிருக்கிறார்கள், நம்மைவிட நன்றாகவே.

அவர்களுடைய முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நடுவில் வளையம், அங்கே தரகர்கள் கூடி விலை கூவுவார்கள். சுற்றிலும் சிறு தடுப்பறைகள், தடுப்பறைகளில் தொலைபேசிகள். வாங்குகிறேன் என்று ஒருவர் விலை சொல்வார், விற்கிறேன் என்று இன்னொருவர் மறுவிலை சொல்வார், இரண்டும் சந்தித்த நொடியில் வியாபாரம் முடியும். குரல் எட்டாத இடத்தில் கை பேசும். வளையத்தில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் முகம் பழகிய போட்டியாளர்கள். யார் குரல் தடுமாறுகிறது, யார் இன்று அவசரத்தில் இருக்கிறார், யார் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் நிற்கிறார் என்பதெல்லாம் விலையோடு சேர்ந்து படிக்கவேண்டிய சேதி.

ஆனால் அங்கே நின்ற தரகருக்கு உண்மையான எஜமானர் அந்தக் கூடத்தில் இல்லை. அவர் டெல்லியில் மொத்த வியாபாரியாக இருக்கலாம், மும்பையில் ஏற்றுமதி நிறுவனமாக இருக்கலாம், இடுக்கி மலையில் மிளகு கட்டிவைத்திருக்கும் தோட்டக்காரராகவும் இருக்கலாம். தந்திக் காலத்தில் அவர்கள் ஒற்றைச் சொல் தந்தி முகவரிகளும் சங்கேதச் சொற்களும் வைத்திருந்தார்கள். சொல்லுக்குக் காசு என்பதால் ஒரே சொல்லில் சரக்கும் மாதமும் விலையும் அடங்க வேண்டியிருந்தது. பிறகு ட்ரங்க் கால். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று கட்டணம். சந்தை சூடு பிடித்த நாளில் சாதாரண கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர் விலை போன பிறகுதான் பேச முடியும். எஸ்டிடி வந்தபின் இணைப்பை எடுத்து அப்படியே பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது. அப்போதுதான் தூரத்துக்காரர் முதல்முறையாக அந்தக் கூடத்துக்குள் வந்தார் என்பேன்.

எப்படி வந்தார்? தொலைபேசியில் அவர் கேட்டது தரகரின் குரலை மட்டும் இல்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் வளையத்தின் இரைச்சல் கேட்டது. சத்தம் திடீரென ஏறினால் ஏதோ நடக்கிறது. சட்டென அடங்கினால் அதுவும் ஏதோ நடக்கிறது. இது வெறும் உணர்ச்சி விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஜோஷுவா கோவல், டைலர் ஷம்வே என்ற இரண்டு நிதியியல் பேராசிரியர்கள் சிகாகோ வணிக வளையத்தின் ஒலி அளவைப் பதிவுசெய்து 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்க அரசின் 30 ஆண்டுக் கடன்பத்திர முன்பேரம் நடந்த வளையம் அது. சத்தம் கூடியதை அடுத்து விலையின் ஏற்ற இறக்கமும் கூடியது என்பது அவர்கள் கண்டது. திரையில் ஓடும் எண்கள் சொல்லாத ஒன்றை அறையின் ஓசை சொல்லிக்கொண்டிருந்தது. மட்டாஞ்சேரியில் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவருக்கு ஆய்வு தேவைப்படவில்லை, காது போதும். இன்று நம்முடைய கூட்ட மென்பொருள்கள் முதல் வேலையாகப் பின்னணி ஓசையை வடிகட்டி எறிகின்றன. பேச்சாளரின் குரல் துல்லியமாகப் போய்ச் சேருகிறது, அரங்கம் போய்ச் சேருவதில்லை.

இன்னொன்று மொழி. மட்டாஞ்சேரியில் குஜராத்திகளுக்கு ஒரு சாலையே உண்டு. கட்ச்சிலிருந்து வந்த மேமன்கள், கோவாவிலிருந்து வந்து கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர்கள், தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழர்கள், கடைசி யூதக் குடும்பங்கள் என்று சில தெருக்களுக்குள் பல மொழிகள் புழங்கிய ஊர் இது. வளையத்தில் ஒரு மொழி, தொலைபேசியில் வேறொரு மொழி என்பது இங்கே யாருக்கும் வித்தையாகத் தோன்றியிருக்காது. தரகர் ஒரு காதால் வளையத்தையும் மறு காதால் தொலைபேசியையும் கேட்டு, இருவருக்கும் இருவேறு விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வளையத்துக்குச் சுருக்கமாக: எண்ணிக்கை, விலை, மாதம். தொலைபேசிக்கு விரிவாக: யார் வாங்குகிறார், பொறுக்கலாமா, இப்போதே பிடிக்க வேண்டுமா. ஒரே நிகழ்ச்சியை இரண்டு கூட்டத்துக்கு ஒரே சொற்களில் சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய தொழிலின் அடிப்படை. இன்றைய பேச்சாளர்களில் மிகச் சிலரே இதை யோசிக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருந்தது. கூடத்தில் முடிவான விலை வானொலியின் சந்தை நிலவரத்தில் ஒலித்தது, மறுநாள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அச்சானது. வயநாட்டிலும் இடுக்கியிலும் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த விவசாயி, ‘கொச்சி விலை’ தெரிந்துகொண்டுதான் உள்ளூர்க் கடைக்காரரிடம் பேரம் பேசினார். அவருடைய குரல் வளையத்துக்கு எட்டாது என்பது உண்மை. ஆனால் வளையத்தின் குரல் அவருக்கு எட்டியது, அதுவே அவர் கையில் ஓர் ஆயுதம்.

நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. மிளகு வளையம் அதற்கு நேர் எதிர். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னால்தான் விலை. அப்படிப் பகிரங்கமாக நடந்ததால்தான் கூடத்துக்கு வெளியே இருந்தவரும் அதை நம்பினார். தன் சார்பில் அங்கே நிற்பவர் பொய் சொன்னால், அதே வளையத்தில் நின்ற இன்னொரு தரகரிடம் கேட்டு உண்மையை அறிந்துகொள்ள வழி இருந்தது.

பிறகு திரை வந்தது. பங்குச் சந்தையில் முதலில். 1994இல் தேசியப் பங்குச் சந்தை திரையிலேயே பிறந்தது, 1995இல் மும்பைப் பங்குச் சந்தையின் வளையமும் கணினிக்கு மாறியது. சரக்குச் சந்தைக்கு அந்த அலை வந்துசேரக் கொஞ்சம் தாமதம். 2003 டிசம்பரில் மும்பையில் என்சிடெக்ஸ் என்ற தேசிய மின்னணுச் சரக்குச் சந்தை தொடங்கி, 2004இல் மிளகையும் பட்டியலில் சேர்த்தது. இனி மிளகு வாங்க மட்டாஞ்சேரியில் ஆள் வைத்திருக்க வேண்டியதில்லை. இந்தூரிலோ ராஜ்கோட்டிலோ கணினி முன்னால் உட்கார்ந்தால் போதும். இப்ஸ்டாவும் கூவல் முறையை விட்டுக் கணினிக்கு மாறியது. ஆனால் வணிகத்தின் பெரும்பகுதி அதற்குள் மும்பைத் திரைக்குப் போய்விட்டிருந்தது. ஜூ டவுன் கூடம் அடங்கியது. நாளடைவில் அங்கே முன்பேரமே நின்றது.

இதில் நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். வளையத்தில் நிற்க உறுப்பினராக இருக்க வேண்டும், ஊரில் பழக்கம் வேண்டும், பெரும்பாலும் ஆணாகவும் இருக்க வேண்டும். திரை அந்தக் கதவுகளைத் திறந்தது. கட்டப்பனையில் இருக்கும் விவசாயி தன் கைப்பேசியில் நொடிக்கு நொடி விலையைப் பார்க்க முடிந்தது. இடைத்தரகு குறைந்தது. பழைய கூடத்தின் மேல் எனக்கு எவ்வளவு பிடிப்பு இருந்தாலும், அது எல்லோருக்கும் திறந்திருந்த இடம் என்று எழுத என்னால் முடியாது. கொச்சி மிளகின் சரிவுக்கு எல்லாப் பழியையும் திரைமேல் போடுவதும் நியாயமில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வியட்நாம் உலகின் முதல் மிளகு நாடாகிவிட்டது. 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் வழியாகவும் மிளகு உள்ளே வந்தது. துறைமுகமும் மட்டாஞ்சேரியை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது: முதலில் துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி எழுப்பிய வில்லிங்டன் தீவுக்கு, 2011இல் கண்டெய்னர்கள் வல்லார்பாடத்துக்கு.

ஆனாலும் ஒரு கணக்குத் திரையின் பேரில் இருக்கிறது. 2012 டிசம்பரில், கொச்சியில் என்சிடெக்ஸ் அங்கீகாரம் பெற்ற கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மிளகில் கனிம எண்ணெய் கலந்திருந்தது. கருப்பு மினுக்கத்துக்காகவும் பூஞ்சை பிடிக்காமலிருக்கவும் பூசப்படும் எண்ணெய் அது. தூர ஊர்களில் திரையைப் பார்த்து வாங்கியவர்கள் பணம் கட்டிவிட்டுச் சரக்கை எடுக்க முடியாமல் நின்றார்கள். விவகாரம் பல ஆண்டுகள் இழுத்தது. மறு ஆண்டே மிளகு முன்பேரம் அந்தச் சந்தையிலும் நின்றது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் மிளகு தெரிந்தவர் என்ன செய்வார்? கைநிறைய அள்ளுவார். உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார். பல்லில் கடித்து ஈரம் பார்ப்பார். லிட்டர் அளவையில் கொட்டி எடை போடுவார். லிட்டருக்கு 500 கிராமா, 550 கிராமா என்பதில் மணியின் திரட்சி தெரிந்துவிடும். எண்ணெய் பூசியிருந்தால் விரல் சொல்லும். பழைய முறையில் கலப்படமே இருந்ததில்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் தூரத்தில் இருந்தவருக்குப் பதிலாகச் சரக்கைத் தொட ஓர் ஆள் அங்கே இருந்தார், அவருடைய பெயர் அதில் பிணையாக இருந்தது. திரை அந்த ஆளைச் செலவு என்று கணக்கிட்டு நீக்கியது. விலை மட்டும் ஊர் ஊராகப் பயணம் போயிற்று, மிளகின் வாசம் கிடங்கிலேயே தங்கிவிட்டது.

அரங்கமும் திரையும் சேர்ந்த கூட்டம் எதுவானாலும் அது நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். கேமரா எத்தனை, ஒலிவாங்கி எத்தனை என்பதெல்லாம் அப்புறம். வராதவருக்காக அறைக்குள் ஒருவர் நிற்கிறாரா? வந்தவர் கையில் இருப்பது வராதவர் கையிலும் இருக்கிறதா? இந்த இரண்டும் இருந்தால் சாதாரணத் தொலைபேசியே போதுமென்று மட்டாஞ்சேரி காட்டியிருக்கிறது.

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைத் தாண்டினால் வில்லிங்டன் தீவு. அங்கே 1947இலிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. தேயிலைக்காரர்கள் இரண்டாவது கேள்விக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள். ஏலத்துக்கு முன்னதாகவே தரகு நிறுவனங்கள் பட்டியலையும் தூள் மாதிரிகளையும் வாங்குபவர்களுக்கு அனுப்பிவிடும். அவரவர் இடத்தில் காய்ச்சி, உறிஞ்சி, துப்பி, குறித்துக்கொண்டுதான் ஏலத்துக்கு வருவார்கள். சுவை முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், கூடம் கணினிக்கு மாறியபோது தேயிலைக்கு அடிப்படையில் குறை வரவில்லை. குன்னூரில் 2003இலேயே டீசர்வ் என்ற அமைப்பு மின்னணு ஏலத்தைத் தொடங்கிவிட்டது. 2016இலிருந்து நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் எந்த மையத்தின் ஏலத்திலும் கலந்துகொள்ளலாம் என்றானது.

ஏலக்காயின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. அதை நிர்வகிக்கும் நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகம் கொச்சியில். ஏலம் நடப்பது தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும். ஒரு மலைத்தொடரின் இரண்டு பக்கங்கள். 2007வாக்கில் இங்கே கூவல் போய்க் கணினி வந்தது. ஆனால் கூடத்தைக் கலைக்கவில்லை, அதுதான் முக்கியம். வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், முன்னால் விலை தட்டும் கருவி, பக்கத்தில் மாதிரி. ஒவ்வொரு லாட்டுக்கும் காய் கைக்கு வரும்; நிறம் பார்த்து, பருமன் பார்த்து, உடைத்து வித்தின் கருமை பார்த்து, மோந்து, அதன்பிறகுதான் பொத்தானை அழுத்துவார்கள். பார்த்து முடித்த காய்கள் மேசையிலும் தரையிலும் சிதறிக் கிடக்கும். 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போன நாளிலும் இதே முறைதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஏலம் நின்றது. மாநில எல்லை மூடியதும் தமிழ்நாட்டு வியாபாரி புற்றடிக்கு ஏற முடியவில்லை. கம்பமெட்டும் போடிமெட்டும் வழக்கமாக ஜீப்புகள் ஏறி இறங்கும் சாலைகள்; அவை வெறிச்சோடின. காய் விளைவது பெரும்பாலும் கேரளப் பக்கம், வாங்குபவர்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பக்கம் என்பதால் யார் தவித்தாலும் மறுபக்கமும் தவித்தது. ஏலம் மறுபடி தொடங்கிய பிறகும் எல்லை ஒரு சிக்கலாகவே இருந்தது. 2021 ஜனவரியில் வாரியம் மேகக் கணிமை வழியாக நேரடி ஏலத்தைத் தொடங்கியது. ஒரே ஏலம், இரண்டு கூடம். போடியில் உட்கார்ந்திருப்பவரும் புற்றடியில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே லாட்டுக்கு ஒரே நொடியில் விலை தட்டலாம்.

அவரவர் வீட்டிலிருந்தே தட்டட்டும் என்று விட்டுவிடவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அப்படிச் செய்வது தொழில்நுட்பத்துக்கு ஒன்றும் கடினமில்லை. ஆனால் ஏலக்காயைத் தொடாமல் வாங்க யாருக்கும் மனம் வராது. இரண்டு கூடங்கள் என்றால் இரண்டு இடத்திலும் மாதிரி வைக்கலாம், இரண்டு இடத்திலும் பொறுப்பான ஆட்கள் இருக்கலாம், போடிக்காரர் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்க்கலாம். தூரத்துக் கூட்டத்தையும் ஒரு கூட்டமாகவே உட்காரவைத்த ஏற்பாடு அது. சிதறிக்கிடக்கும் தனித்தனிச் சதுரங்களாக விடவில்லை. வெளிநாட்டுத் தமிழர்களுக்காக இங்கே நடக்கும் இலக்கியக் கூட்டங்களை ஒளிபரப்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். டொரன்டோவில் பத்துப் பேர் பத்து வீட்டிலிருந்து பார்ப்பதைவிட, ஒரு நூலக அறையில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால், அவர்களும் சிரிக்க முடியும், தங்களுக்குள் ஒரு கேள்வியை உருட்டி, ஒருவரை விட்டுக் கேட்கச் சொல்ல முடியும்.

உலகத்தின் பெரிய சந்தை ஒன்றும் இதே கேள்வியில் தடுமாறியது. 1877இல் நிறுவப்பட்ட லண்டன் உலோகச் சந்தையில் சிவப்புத் தோல் இருக்கைகள் போட்ட வளையம் ஒன்று இன்றும் இருக்கிறது. தாமிரம், அலுமினியம் எல்லாம் அங்கே சில நிமிட அமர்வுகளில் கூவி விற்கப்படும். இருக்கைகளுக்குப் பின்னால் தொலைபேசியோடு உதவியாளர்கள் நிற்பார்கள். ஜூ டவுன் கூடத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சியில் புதிதாக ஒன்றும் இருக்காது. 2020 மார்ச்சில் அதை மூடினார்கள். 2021 தொடக்கத்தில், வளையத்தை நிரந்தரமாக மூடிவிடலாம் என்ற யோசனையையும் முன்வைத்தார்கள். உறுப்பினர்களும் உலோகத்தை உண்மையில் வாங்கி விற்பவர்களும் எதிர்த்தார்கள். 2021 செப்டம்பரில் வளையம் மறுபடி திறந்தது. நாளின் அதிகாரபூர்வ விலையை வளையம் சொல்லும், முடிவு விலையை மின்னணுத் திரை சொல்லும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மட்டாஞ்சேரிக்கு அப்படி ஒரு வாய்ப்புக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். இரண்டும் சேர்ந்து ஓடும் ஒரு முறையை யாரும் அங்கே முயன்று பார்க்கவில்லை. கூடம் அல்லது திரை, இரண்டில் ஒன்று என்றே பேச்சு இருந்தது.

லண்டன் வளையம் திறந்த அதே மாதம், கொச்சியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு கல்யாண விஷயத்தில் சொன்னது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். மணமக்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலும் காணொளி வழியாகச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்ய அது அனுமதி கொடுத்தது. கூடவே நிபந்தனைகள்: சாட்சிகள் பதிவு அதிகாரி முன்னால் நேரில் இருக்க வேண்டும், திரையில் தெரிபவர் இன்னார்தான் என்று அவர்கள் அடையாளம் சொல்ல வேண்டும், வராதவரின் கையெழுத்தை அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்றவர் போட வேண்டும். முகம் திரையில் வந்தாலும், அறைக்குள் அவருக்காக நிற்க ஆள் வேண்டும் என்று நீதிமன்றமும் கருதியிருக்கிறது. தொலைபேசித் தடுப்பறையில் நின்ற மிளகுத் தரகரின் வேலை இதுதானே?

மட்டாஞ்சேரி இப்போது வேறு விதமாகக் கூட்டம் சேர்க்கிறது. கனிம எண்ணெய் மிளகுக்குச் சீல் விழுந்த அதே 2012 டிசம்பரில்தான், 12ஆம் தேதி, கொச்சி-முசிறிஸ் பினாலே முதன்முறையாகத் திறந்தது. போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் தொடங்கிய கலைவிழா அது. அடுத்தடுத்த பதிப்புகளில் பஜார் சாலைப் பக்கத்து ஆனந்த் கிடங்கு, டி.கே.எம். கிடங்கு போன்ற பழைய சரக்கறைகள் கலைக்கூடங்களாயின. 2025இல் மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ வந்தபின், எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்து இறங்குவது சுலபமாகிவிட்டது. மிளகு மூட்டை அடுக்கிய தரையில் நாற்காலி போட்டுக் கலைஞர்கள் பேசுகிறார்கள். யாரோ ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து அதை எங்கோ இருக்கும் நண்பருக்குக் காட்டுகிறார். கைப்பேசியைப் பிடித்திருக்கும் அந்த ஆள்தான் என் கண்ணில் முக்கியமானவர். நண்பர் கேட்டால் கேமராவைத் திருப்புகிறார், படைப்பின் அருகே போகிறார், பின்பக்கத்தையும் காட்டுகிறார். ஏற்பாட்டாளர்கள் முக்காலியில் நிறுத்திவைக்கும் கேமரா இதையெல்லாம் செய்யாது.

இப்ஸ்டா முழுக்க ஓய்ந்துவிடவில்லை. கொச்சி மிளகு விலை இன்றும் மட்டாஞ்சேரியிலிருந்தே சொல்லப்படுகிறது: அன்று வந்த சரக்கு எவ்வளவு, சலிக்காத மிளகு என்ன விலை, சலித்துத் தரம் பிரித்தது என்ன விலை என்று. மலையில் இருப்பவர் அதை இப்போது வாட்ஸப் குழுக்களில் படிக்கிறார்.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு, பினாலேக்காரர்களுக்கும் கேரளப் பல்கலைக்கழகங்களுக்கும். கூவல் காலத்தில் வளையத்தில் நின்றவர்கள், தொலைபேசித் தடுப்பறையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் சிலர் மட்டாஞ்சேரியிலும் பள்ளுருத்தியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் இருப்பார்கள். இளைஞர்களாகச் சேர்ந்தவர்களுக்கே இப்போது வயதாகிவிட்டிருக்கும். மிளகின் வரலாற்றை எழுத ஆட்கள் நிறைய. வாஸ்கோ ட காமாவில் தொடங்கி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இவர்களுடைய வேலைமுறையை யாராவது அவர்கள் மொழியிலேயே பதிவுசெய்ய வேண்டும், மலையாளத்திலும் குஜராத்தியிலும் கொங்கணியிலும் தமிழிலும். கேட்கவேண்டிய கேள்விகள் சிறியவை. விலை மாறியதும் முதலில் வளையத்தில் கையைத் தூக்கினீர்களா, தொலைபேசியில் சொல்லிவிட்டுத் தூக்கினீர்களா? வளையம் இரைந்தபோது ரிசீவரைப் பொத்தினீர்களா, வேண்டுமென்றே திறந்து பிடித்தீர்களா? மறுமுனையில் இருந்தவர் நீங்கள் சொன்னதை நம்பவில்லை என்றால் அவருக்கு எதைக் காட்டினீர்கள்? இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்தால் யாருக்கு முதலில் பேசினீர்கள், அதை மற்றவருக்குச் சொன்னீர்களா?